உண்ணிச்செடியை எங்கே வெட்டுவது?

கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தில் கைகொடுக்க வரும் தன்னார்வலர்கள் கையுறையை மறப்பார்கள், அட்டைக்கு உப்பு எடுக்க மறப்பார்கள். அதெல்லாம் ஒரே நாளில் படிந்துவிடும் பாடம். பழைய ஆட்கள் ஒருகாலத்தில் செய்த பெரிய பிழைகளைப் புதிய அணிகளும் வரிசை மாறாமல் செய்வதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

கழிப்பறைக் குழி

தங்குமிடம் கட்டுவோர் பெரும்பாலும் மார்ச்சில் குழி தோண்டுகிறார்கள். ஆறடி இறங்கினாலும் மண் காய்ந்தே கிடக்கும். நிம்மதியாகச் செங்கல் அடுக்கிவிடுவார்கள். நம் மாவட்டத்துக்கோ மழை இரண்டு, ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. நவம்பரில் அதே குழி கிணறாகி நிற்கும். அருகிலுள்ள கிணறுகளில் மழைக்கால நீர் எதுவரை ஏறுகிறது என்று விசாரித்த பிறகே ஆழத்தை முடிவு செய்யுங்கள். அந்த மட்டத்துக்கும் குழியின் அடிக்கும் நடுவே 2 மீட்டர் வேண்டும். கிடைக்காவிட்டால் அடியைச் சிமெண்ட் போட்டு அடைத்து, சுற்றிலும் 50 செ.மீ. அகலத்துக்கு மணல் நிரப்ப வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். ஓடைக்கரைப் பக்கமே போகாதீர்கள்.

இரட்டைக் குழியில் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் வழி திறக்க வேண்டும். நிரம்பியதை 2 ஆண்டு மூடிவைத்தால் உரமாகிவிடும். இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் நிரம்பும்.

உண்ணிச்செடி

லாண்டானா என்னும் இந்த அந்நியக் களைச்செடியை ஒழிப்பதில்தான் உழைப்பும் பணமும் அதிகம் பாழாகின்றன, கோபமும் வருகிறது. வழக்கமாக நடப்பது இது: முப்பது பேர் வெட்டுக்கத்தியோடு வந்து, முழங்கால் உயரத்தில் வெட்டித் தள்ளி, இரண்டே நாளில் ஒரு சரிவை மொட்டையாக்கிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையிலும் ஏழெட்டுத் தளிர். முன்பு ஒற்றைத்தண்டாக நின்ற செடி இப்போது புதர். ஜேசிபி வைத்துப் பிடுங்கினால் இன்னும் மோசம். கிளறிய மண்ணில் புதைந்திருந்த விதை முளைக்கும், வெயில் பட்ட வெற்றிடத்தில் கம்யூனிஸ்ட் பச்சை என்ற இன்னொரு களை ஏறும்.

துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்து. வெட்டு அதற்குக் கீழே விழ வேண்டும். முதலில் கிளைகளைக் கழித்துவிட்டு, அடிமண்ணை லேசாக ஒதுக்குங்கள். ஒருவர் தண்டைச் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் மம்பட்டியால் மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே முதன்மை வேரைத் துண்டிக்க வேண்டும். மிச்ச வேர் மண்ணோடு மட்கட்டும், தோண்டாதீர்கள். வெட்டியதைத் தலைகீழாகப் பாறை மேலோ மரக்கிளைக் கவட்டையிலோ வைத்துக் காயவிடுங்கள். ஈரமண்ணில் படுத்துக் கிடந்தால் மறுபடி வேர்விடும்.

காய் பழுக்கும் முன் வெட்டுவது முக்கியம். இங்கே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி தோது: மண் இளகியிருக்கும், வெட்டியது கோடையில் நன்றாகக் காயும். ஏப்ரல், மே மழைக்கு முளைக்கும் நாற்றுகளைக் கையால் பிடுங்கிவிட்டு, ஜூனில் நாட்டுப் புல்லை விதைத்து, பின் கன்று நடலாம்.

அடுத்த 2, 3 ஆண்டுகளுக்கு யார் வந்து களை பிடுங்குவது என்பதற்கு விடை இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது கொண்டைக்குருவிகள் உட்காரும் மரங்களின் அடி. பழம் தின்று எச்சமிடுவது அங்கேதான். அடுத்து, மழைநீர் வழிந்தோடும் ஓரங்கள். நாலு பேர் பொறுமையாக முடித்த கால் ஏக்கர், முப்பது பேர் மொட்டையடித்த சரிவைவிட மேல்.

கன்று

ஓடையோரம் நீர்மருது, நாவல். சரிவில் வேங்கை, பூமருது. பையைக் கிழித்தெடுத்துவிட்டு நடுங்கள். இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அனுமதி

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 29-ஆவது பிரிவின்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் களைச்செடியாக இருந்தாலும் கைவைக்கக் கூடாது. வாய்மொழிச் சம்மதம் செல்லாது.

சருகு

கொளுத்தாதீர்கள்.

சமையல் கழிவு

குழியில் மூடினால் காட்டுப்பன்றி தோண்டும். மூடி இறுகும் டிரம்மில் போட்டுக் கீழே கொண்டுபோங்கள்.

முத்துக்குழிவயல்

மலைமேல் இருக்கும் இந்த இடத்தில் வெறும் புல்லாகத் தெரிவது சோலைக்காட்டோடு சேர்ந்த இயற்கைப் புல்வெளி. மரம் நட வேண்டாம்.