மேட்டுப் பக்கச் சுவரில் ஈரம் சுவறாமல் இருக்க

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில் மலையை வெட்டித் தட்டாக்கித்தான் பல வீடுகள் எழும்புகின்றன. மே மாதம் தென்மேற்கு மழை பிடித்ததும் முதலில் நனைவது மேட்டோடு ஒட்டிய பின்சுவர். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகிழக்கு மழையில் இதே நிலைதான். உடனே உட்பக்கம் நீர்த்தடுப்புப் பூச்சு அடிப்பார்கள். அந்தக் காசு வீண். மண்ணில் தேங்கிய தண்ணீர் வெளியிலிருந்து அழுத்தி, பூச்சையே அறைக்குள் தள்ளும்; உப்புப் பூத்து, கொப்புளித்து, கொட்டும். தண்ணீரை வெளியிலேயே, சுவரைத் தொடுமுன் மறித்துக் கொண்டுபோக வேண்டும்.

வேலை தொடங்குமுன் ஒரு சோதனை. உட்சுவரில் ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் துளி துளியாக நின்றால் அது குளிரில் படியும் ஈரம்; ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தால் குறையும். பொலித்தீனுக்குப் பின்னால் நனைந்திருந்தால் ஈரம் சுவர் வழியாகத்தான் வருகிறது.

புதிதாகக் கட்டுபவர்கள் மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடியாவது விட்டு, சீமெந்துத் திறந்த கான் (வடிகால்) போடுங்கள். இதைவிட நல்ல வழி இல்லை. அடைத்தால் கண்ணுக்குத் தெரியும், மண்வெட்டியால் வாரிவிடலாம். மேட்டின் உச்சியிலும் குறுக்காக ஒரு கான் வேண்டும். தேயிலை மலையில் கான் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் வீட்டுக்கு மேலுள்ள கானுக்குச் சீமெந்துப் பூச்சு கட்டாயம். வெறும் மண் கானில் தேங்கும் நீர் மேட்டுக்குள்ளேயே இறங்கும்.

மண் சுவரோடு ஒட்டித்தான் இருக்கும் என்றால் நிலத்தடி வடிகால்தான் வழி. சுவரோரம் ஒன்றரையடி அகலத்தில் குழி வெட்டுங்கள். அதில் வைக்கும் துளைக் குழாய் உள்தரை மட்டத்துக்கு ஆறங்குலமாவது கீழே இருக்க வேண்டும்; குழியோ அத்திவாரத்தின் அடியைத் தாண்டி இறங்கவே கூடாது. குழாயின் வாட்டம் (சரிவு) நூறடிக்கு ஓரடி, அதாவது முப்பதடிச் சுவருக்கு நாலங்குலம் அளவில். இதைக் கண்மட்டத்தில் பார்க்காமல் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்தே பாருங்கள்.

சுவரின் வெளிப்பக்கத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, ஒன்றுக்கு மூன்று சீமெந்து மணல் பூச்சு பூசுங்கள். சுவரும் அத்திவாரமும் சேரும் மூலையை வளைவாக உருட்டிவிடுங்கள். கூர்மூலையில்தான் முதல் வெடிப்பு விழும். ஒரு கிழமை நனைத்து, காய்ந்த பின் தார்ப்பூச்சு இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக.

பிறகு குழியில், நீரை விட்டு மண்ணை மறிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, இரண்டங்குலம் சல்லிக்கல் போட்டு, நாலங்குலத் துளைக் குழாயை வையுங்கள். துளைகள் கீழ்நோக்கி, கடிகாரத்தில் நாலும் எட்டும் இருக்கும் இடத்தில் வர வேண்டும். பலர் தலைகீழாக வைத்துவிடுகிறார்கள். குழியில் நீர் அடியிலிருந்துதான் ஏறும். துளை மேலே இருந்தால் குழாய் மூழ்கும்வரை ஒரு சொட்டும் உள்ளே போகாது. மேலே முக்கால் அங்குலச் சல்லிக்கல் நிரப்பி, துணியை மடித்து மூடுங்கள். துணி இல்லாவிட்டால் செம்மண் இறங்கிச் சல்லியை அடைத்துவிடும். மேல் ஓரடியை மட்டும் களிமண்ணால் இடித்து, சுவரிலிருந்து விலகிச் சரியும்படி மூடுங்கள்.

மூடுமுன் மேல்முனையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, கீழ்முனையில் வருகிறதா என்று பாருங்கள். கூரைப் பீலித் தண்ணீரை இந்தக் குழாயில் சேர்க்கவே வேண்டாம். அதற்குத் தனிக் குழாய் வையுங்கள்.

பழைய வீடென்றால் மழையில்லாத நாட்களில் நாலடி நாலடியாக வெட்டி, மூடிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். மேட்டில் புதிய வெடிப்போ, சாய்ந்த மரமோ, திடீரென்று கலங்கிய ஊற்றோ தெரிந்தால் அது மண்சரிவின் அறிகுறி; மண்வெட்டியை வைத்துவிட்டு, வீட்டாரையும் அப்புறப்படுத்தி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ கிராம சேவகருக்கோ உடனே அறிவியுங்கள்.