விளம்பர வருமானம் சரியும் காலத்தில் தமிழ் யூடியூப் அலைவரிசை தொடங்குவது எப்படி? கொழும்பிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

"பழைய ஆட்களே விட்டுவிட்டுப் போகிறார்கள், இப்போது தொடங்கி என்ன பயன்?" என்ற பேச்சு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் காணொளி செய்ய விரும்பும் இளைஞர்களிடையே அடிக்கடி கேட்கிறது. வருமானம் குறைந்ததால் சிலர் விலகுவது உண்மைதான். ஆனால் ஒரு படைப்பாளர் விலகும்போது அவருடைய பார்வையாளரின் தேவையும் சேர்ந்து விலகிவிடுவதில்லை. கொழும்பின் சந்தைப் பகுதியான புறக்கோட்டையில் ஒரு கடை மூடப்பட்டால், அங்கே வாங்கிக்கொண்டிருந்தவர் அடுத்த கடையைத் தேடி நடக்கிறார். அப்படித் தேடி நடப்பவரை எங்கே காண்பது, அவருக்கு எதைக் கொடுப்பது, அதிலிருந்து முறையாக எவ்வாறு வருமானம் பெறுவது என்பவற்றை, கைத்தொலைபேசியைத் தவிர வேறு கருவி இல்லாத ஒருவரை மனத்தில் வைத்து இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற் படி: எது சரிந்தது என்று பிரித்தறியுங்கள்

"யூடியூப் விழுந்துவிட்டது" என்று ஒருவர் சொல்லும்போது அதற்குள் மூன்று வேறு செய்திகள் கலந்திருக்கலாம். பார்வைகள் குறைந்திருக்கலாம், பார்வைகள் அப்படியே இருக்க, விளம்பர விலை குறைந்திருக்கலாம், அல்லது டொலர் வருமானம் மாறாமலிருக்க, ரூபாவின் பெறுமதி மாறியிருக்கலாம். புதியவர்கள் மற்ற எல்லாவற்றையும் விட இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் பின்வரும் தீர்மானங்கள் அனைத்தும் இதைப் பொறுத்தே அமைகின்றன.

விளம்பர விலைக்குப் பருவம் உண்டு. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பண்டிகை விற்பனைக்காக நிறுவனங்கள் அதிகம் செலவிடுகின்றன. ஜனவரியில் அந்தச் செலவு சட்டென்று இறங்குகிறது. டிசம்பரையும் ஜனவரியையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குத் தொழிலே முடிந்துவிட்டதுபோல் தோன்றும். ஆகவே ஒரு மாதத்தை அதற்கு முந்திய மாதத்தோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும்.

பருவத்தைச் சாராத சரிவுகளும் உண்டு. 2017 மார்ச் மாதத்தில், தங்கள் விளம்பரங்கள் தீவிரவாதக் காணொளிகளுக்கு அருகில் தோன்றுவதைக் கண்ட பெரிய நிறுவனங்கள் பல யூடியூப்பிலிருந்து விளம்பரங்களை விலக்கிக்கொண்டன. அதன் தொடர்ச்சியாக 2018 ஜனவரியில் விளம்பரப் பங்கு பெறுவதற்கான தகுதி 1,000 சந்தாதாரர், 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வை என்று உயர்த்தப்பட்டது. சிறிய அலைவரிசைகள் ஏராளமாக ஒரே அறிவிப்பில் வருமானத்தை இழந்தன. அவற்றின் பார்வையாளர் அன்று எங்கும் போய்விடவில்லை என்பதைக் கவனியுங்கள். விதி மாறியது படைப்பாளருக்கு மட்டுமே.

மூன்றாவது, நம் நாட்டுக்கே உரியது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. மாதம் 150 டொலர் பெற்ற ஒருவருக்கு 30,000 ரூபா 54,000 ரூபாவாயிற்று. அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் டொலர் 300 ரூபா அளவுக்கு இறங்கியபோது, பார்வையோ உழைப்போ சற்றும் குறையாமலே அதே 150 டொலர் 45,000 ரூபாவாகக் குறைந்தது. எனவே கணக்கை எப்போதும் டொலரிலேயே எழுதி வைக்க வேண்டும். ரூபாக் கணக்கு வீட்டுச் செலவுக்கு உதவும், ஆனால் ஓர் அலைவரிசையின் நலத்தை அறிய உதவாது.

உங்களுக்கென்று அலைவரிசை இன்னும் இல்லாததால், நீங்கள் தொடங்க நினைக்கும் துறையில் ஏற்கெனவே இயங்கும் இரண்டு மூன்று பேரிடம் பணிவாகக் கேளுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: சென்ற ஆண்டின் இதே மாதத்தில் இருந்த பார்வை எண்ணிக்கை, ஆர்பிஎம், பார்வையாளர் எந்தெந்த நாடுகளிலிருந்து வருகிறார்கள் என்பது. ஆர்பிஎம் என்பது 1,000 பார்வைக்குப் படைப்பாளரின் கைக்கு வரும் தொகை. விளம்பரதாரர் செலுத்தும் விலையான சிபிஎம்மோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் படைப்பாளருக்கு 55 வீதமும் ஷோர்ட்ஸ் எனப்படும் குறுங்காணொளிகளின் பங்கில் 45 வீதமும் கிடைக்கிறது. எல்லோரும் தொகையைச் சொல்ல விரும்பமாட்டார்கள். கூடியதா, குறைந்ததா என்று மட்டும் சொன்னாலும் போதும்.

பார்வை நிலைத்திருந்து ஆர்பிஎம் மட்டும் குறைந்திருந்தால், அந்தத் துறையில் தேவை உயிரோடு இருக்கிறது, பணம் வரும் வழிதான் மாற வேண்டும். நீங்கள் நுழைய ஏற்ற இடம் அதுவே. பார்வையே ஆண்டுக்கு ஆண்டு குறைந்திருந்தால், அந்த விடயம் மக்களுக்குச் சலித்துவிட்டது என்று கொண்டு வேறு துறையைப் பாருங்கள்.

இரண்டாம் படி: பதில் கிடைக்காத கேள்விகளைத் திரட்டுங்கள்

ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூப்பின் தேடல் கட்டத்தில் உங்கள் துறையின் முதற் சொல்லைத் தட்டினால் அது தானாக நீட்டிக் காட்டும் சொற்றொடர்கள் மக்கள் உண்மையில் தேடுபவை. அவற்றை அப்படியே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் ஒரு முறையும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி ஒரு முறையும் செய்யுங்கள், ஏனெனில் நம்மவரில் பலர் இரண்டாவது வழியில்தான் தேடுகிறார்கள். பிறகு ஒவ்வொன்றையும் தேடி, முதலில் வரும் ஐந்து காணொளிகளின் திகதிகளைக் குறியுங்கள். அனைத்தும் சில ஆண்டுகள் பழையவையாகவோ, தமிழ்நாட்டின் நடைமுறையை மட்டும் சொல்பவையாகவோ இருந்தால் அந்த வரிக்கு நேரே ஓர் அடையாளம் இடுங்கள்.

அடுத்து, இயங்காமல் நின்றுபோன அலைவரிசைகளுக்குச் செல்லுங்கள். அவற்றின் அதிகம் பார்க்கப்பட்ட காணொளிகளின் கீழே, படைப்பாளர் விலகிய பிறகும் மக்கள் கேள்விகளை எழுதிக்கொண்டே இருப்பதைக் காண்பீர்கள். "இப்போது கட்டணம் எவ்வளவு?", "இந்தக் கடை இன்னும் இருக்கிறதா?" என்பன போன்ற அந்தக் கேள்விகள்தான் இந்தத் தொழிலின் உண்மையான செல்வம் என்று நான் நம்புகிறேன்.

மக்களின் தேடல் போக்கைக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ் தளத்தில் நாட்டை இலங்கை என்றும் தேடல் வகையை யூடியூப் என்றும் மாற்றிப் பார்க்கலாம். அது காட்டும் 0 முதல் 100 வரையான எண் தேடியவர்களின் தொகையைக் குறிக்காது. குறித்த காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்துக் கணிக்கும் ஒப்பீடு மட்டுமே. தமிழ்ச் சொற்களுக்குப் போதிய தரவு இல்லை என்று அது சொன்னால், யாரும் தேடவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். சிறிய மொழிச் சமூகங்களுக்கு அது அடிக்கடி அவ்வாறே சொல்லும்.

எடுத்துக்காட்டாக, வீட்டிலிருந்து தையலோ கேக் தயாரிப்போ நகை கோர்ப்போ செய்து விற்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குப் பொருள் வாங்கப் புறக்கோட்டைக்கு வர வேண்டியிருக்கிறது. மின்னணுப் பொருள்களுக்கு முதலாம் குறுக்குத் தெரு, மொத்த மளிகைக்கு நாலாம் குறுக்குத் தெரு, தங்கத்துக்குச் செட்டியார் தெரு, ஆயுர்வேத மூலிகைகளுக்குக் காபோஸ் ஒழுங்கை என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில் இருப்பது கொழும்பில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வவுனியாவிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ ஒரு நாளில் வந்து திரும்ப வேண்டியவருக்குத் தெரியாது. எந்தத் தெருவில் எது, குறைந்தது எத்தனை வாங்கினால் மொத்த விலை, எந்த நேரத்தில் வந்தால் நிதானமாக வாங்கலாம் என்பதைத் தமிழில் பொறுமையாகக் காட்டும் ஒரு தொடருக்குப் பொருளாதாரம் நெருக்கடியில் இருக்கும்போது தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை, ஏனெனில் சம்பளம் போதாத குடும்பங்கள் வீட்டுத் தொழிலை நாடுவது அப்போதுதான்.

குறிப்பேட்டில் அடையாளமிட்டவற்றுள் எதைத் தேர்வது என்பதற்கு, அடுத்த ஆண்டும் இந்தக் கேள்வி கேட்கப்படுமா, கொழும்பில் பஸ்ஸில் போய் நீங்களே நேரில் சரிபார்க்க முடியுமா என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தமிழருக்கும் பயன்படுமானால் இன்னும் நல்லது: விளம்பர விலை பார்ப்பவரின் நாட்டைப் பொறுத்தது என்பதால், கனடாவிலோ பிரித்தானியாவிலோ இருந்து வரும் ஒரு பார்வையின் விளம்பர மதிப்பு பொதுவாக இங்கிருந்து வருவதைவிடக் கூடுதலாக இருக்கும்.

மூன்றாம் படி: தொடரைப் படம்பிடியுங்கள்

ஒரே துறையில் எட்டு அல்லது பத்துக் காணொளிகளைத் திட்டமிடுங்கள். கைத்தொலைபேசியின் கமெரா போதும். பணம் செலவிடுவதானால் சட்டையில் மாட்டும் ஒரு மைக் வாங்குங்கள், ஏனெனில் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர் புரியாத ஒலியைப் பொறுப்பதில்லை. கடைக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். விலை சொல்லும் இடங்களில் படம்பிடித்த மாதத்தையும் ஆண்டையும் திரையில் காட்டுங்கள். நம்பிக்கையை ஈட்டுவதில் இந்தச் சிறு நேர்மைக்கு ஈடு வேறில்லை.

நான்காம் படி: விலகியவர்களோடு பேசுங்கள்

இதைப் பலர் செய்வதில்லை, செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். நின்றுபோன அலைவரிசையின் காணொளியை எடுத்து மீண்டும் பதிவேற்றுவது தவறு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை படைக்கப்பட்ட கணத்திலிருந்தே, பதிவு எதுவும் இன்றி, படைத்தவருக்கு உரியது. அவர் இப்போது இயங்காமலிருப்பது அந்த உரிமையை இல்லாமலாக்காது. யூடியூப்பிலும் 90 நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கைகள் கிடைத்தால் அலைவரிசை நீக்கப்படலாம்.

மாறாக, அவருக்கு மரியாதையாக எழுதுங்கள். "அண்ணா, உங்கள் காணொளிகளைப் பார்த்துப் பயன் பெற்றவன். அதே விடயத்தில் புதிய தகவல்களோடு ஒரு தொடர் செய்யப்போகிறேன். உங்களுடைய பழைய காட்சிகளில் சிலவற்றைப் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்த அனுமதிப்பீர்களா?" என்று கேட்பதில் குறைவு எதுவுமில்லை. சிலர் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் விளக்கையும் முக்காலியையும் நியாயமான விலைக்குத் தருவார்கள். சிலர் தம் பழைய காணொளியின் விவரப் பகுதியில் உங்கள் இணைப்பைச் சேர்க்கவும் முன்வருவார்கள். அனுமதி கிடைத்தால் எந்தக் காட்சி, எவ்வளவு காலம், கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் பெற்று வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: விளம்பரத்தை மட்டும் நம்பாத வருமானம்

மேலே சொன்ன 1,000 சந்தாதாரரை எட்டும் வரை விளம்பரப் பணம் வராது என்பதால், தொடக்கத்திலிருந்தே வேறு வழிகளை அமைக்க வேண்டும். புறக்கோட்டைத் தொடர் செய்பவர், தாம் நேரில் சரிபார்த்த கடைகளிடம் மாதக் கட்டண அனுசரணை கேட்கலாம். அப்போது யூடியூப்பில் கட்டண விளம்பரம் உண்டு என்று குறிக்கும் பெட்டியைத் தெரிவுசெய்து, காணொளியிலும் வாயால் சொல்லிவிடுங்கள். படத்தொகுப்பும் தமிழ் உபதலைப்பும் செய்யப் பழகியவர் அதையே வெளிநாட்டுப் படைப்பாளர்களுக்குச் சேவையாக விற்கலாம். என் மதிப்பீட்டில், முதல் ஆண்டில் நிலையான வருமானம் தருவது பெரும்பாலும் இந்தச் சேவைதான்.

பணம் பெறும் வழியை முதலிலேயே ஒழுங்குசெய்யுங்கள். இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவையான பேபால் இலங்கையில் நீண்ட காலமாகப் பணம் அனுப்ப மட்டுமே இடமளித்து வந்ததால், இங்குள்ள சுயாதீனப் பணியாளர்கள் அதைப் போன்ற பேயோனியர் சேவை வழியாகவோ நேரடி வங்கி மாற்றீடாகவோ பெற்றுவருகின்றனர். யூடியூப் விளம்பரப் பணத்தை வழங்கும் கூகுளின் அட்சென்ஸ் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்தும் இரகசிய இலக்கம் தபாலில் வரும். தொடர்மாடி வீட்டில் இருப்பவர்கள் வீட்டு இலக்கத்தையும் மாடியையும் தெளிவாக எழுதாவிட்டால் அது கைக்கு வராமல் போகலாம். 100 டொலர் சேர்ந்த பின்னரே பணம் அனுப்பப்படும்.

அமெரிக்க வரி விவரப் படிவத்தை நிரப்பாமல் விடாதீர்கள். நிரப்பாவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் மொத்த வருமானத்தில் 24 வீதம் வரை பிடிக்கப்படலாம். நிரப்பி, இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான வரி உடன்படிக்கையைக் கோரினால், அமெரிக்கப் பார்வையாளரிடமிருந்து வரும் பகுதிக்கு மட்டும், அதுவும் 30 வீதத்துக்குப் பதிலாக 10 வீதம் பிடிக்கப்படும். உள்நாட்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டுக்குச் சேவை வழங்கி வெளிநாட்டு நாணயத்தில் பெற்று வங்கி வழியாக நாட்டுக்குள் கொண்டுவரும் வருமானத்துக்கு உச்ச வரி வீதம் 15 ஆகும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி செலுத்துநர் இலக்கத்தைப் பெற்று, வங்கிக் கூற்றுகளை மாதந்தோறும் சேமித்து வாருங்கள்.

ஆறாம் படி: மூன்று மாதத்தின் பின் சரிபாருங்கள்

பார்வை எண்ணிக்கையை அப்போது பெரிதாகக் கருத வேண்டாம். யூடியூப் பகுப்பாய்வில் பார்வையாளர் வந்த வழிகளைத் திறந்து, யூடியூப் தேடல் என்பதைத் தொடுங்கள். எந்தச் சொற்களைத் தட்டி மக்கள் உங்களிடம் வந்தார்கள் என்ற பட்டியல் அங்கே இருக்கும். அந்தச் சொற்களைக் குறிப்பேட்டில் உள்ள பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, நீங்கள் எதிர்பாராத சொற்கள் எவை என்று பாருங்கள். புறக்கோட்டைக் காணொளிக்கு "பொதி அனுப்புதல்" என்று தேடி வந்தவர்கள் இருந்தால், பொருளை வாங்கிய பின் அதைக் கிளிநொச்சிக்கோ மட்டக்களப்புக்கோ அனுப்பும் வழி அவர்களுக்குத் தெரியவில்லை என்று பொருள். அடுத்த தொடரின் முதற் காணொளியை அதிலிருந்தே தொடங்குங்கள்.