பழைய மஸ்டாங்கின் அடிப்பக்க பிராக்கெட்டுகள்: தொழிற்சாலைப் பூச்சைக் கண்டறியும் முறை

பழைய காரைப் புதுப்பிக்கத் தொடங்குவோர் பலர் அடிப்பக்கம் முழுவதையும் ஒரே கறுப்புப் பெயின்ட்டால் மூடிவிடுகிறார்கள். ஆனால் 1965, 1966ஆம் ஆண்டுகளின் ஃபோர்டு மஸ்டாங் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது அதன் அடியில் பிரைமர் (பெயின்ட்டின் அடிப்பூச்சு), பாஸ்பேட் பூச்சு (உலோகத்தின் மேல் வேதிமுறையில் உருவாக்கும் படலம்), உலோக முலாம், வெறும் இரும்பு எனப் பல தோற்றங்கள் கலந்தே இருந்தன. பாகங்களைத் தாங்கிப் பிடிக்கும் சிறு உலோகத் துண்டுகளான பிராக்கெட்டுகளில் மூலப் பூச்சு எது என்று கண்டறியும் வழி இதோ.

படி 1: கார் பிறந்த இடம்

வாகன அடையாள எண்ணின் இரண்டாவது இடத்தில், முதல் இலக்கத்தை அடுத்து வரும் எழுத்தைப் பாருங்கள்; அது காரைத் தயாரித்த ஆலையைக் குறிக்கும். 'எஃப்' (F) என்றால் டியர்பார்ன், 'ஆர்' (R) என்றால் சான் ஹோசே, 'டி' (T) என்றால் மெட்டச்சன். அடிப்பக்கப் பிரைமரின் நிறம் ஆலைக்கு ஆலை மாறியது என்பதால், வேறோர் ஆலையில் உருவான காரின் படத்தைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

படி 2: பற்றவைத்ததா, போல்ட்டில் மாட்டியதா?

என் அனுபவத்தில் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும். காரின் உடலோடு பற்றவைக்கப்பட்ட பிராக்கெட், உடல் பெயின்ட் கூடத்துக்குள் நுழையும் முன்பே அதன் பகுதியாகிவிட்டதால், உடலுக்குக் கிடைத்த பிரைமரையும், ஓரங்களில் தெறித்த மேல் நிறத்தையும் சேர்த்தே பெற்றிருக்கும். புகைக்குழாய்த் தாங்கிகளைப் போலப் பின்னர் போல்ட்டில் மாட்டப்பட்டவையோ தமக்கான பூச்சுடனேயே வந்து சேர்ந்தவை.

படி 3: மறைந்த பரப்பைத் தேடுதல்

கழற்றும் முன் ஒவ்வொன்றையும் அதன் இடத்திலேயே படமெடுங்கள். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலும் பிளாஸ்டிக் சுரண்டியாலும் மெல்ல அழுக்கை அகற்றுங்கள். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதை இந்தக் கட்டத்தில் நினைக்கவே கூடாது. நான் முதன்முதலில் செய்த பிழை அதுதான், அரை நிமிடத்தில் ஆதாரம் முழுவதும் போய்விட்டது. வாஷருக்கு அடியிலும், பிராக்கெட் உடலைத் தொட்டிருந்த முகத்திலும், விற்பனையாளர் அடித்த தார்ப்பூச்சின் கீழும் மூலப் பூச்சு பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

படி 4: பூச்சை இனங்காணுதல்

தின்னரில் நனைத்த பஞ்சால் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தைத் தேயுங்கள். கறுப்பு உடனே பஞ்சில் ஏறினால் அது பிற்காலத்தில் யாரோ அடித்த ஸ்பிரே பெயின்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறம் ஏறாமல், பளபளப்பின்றி நுண்ணிய சொரசொரப்புடன் சாம்பலாகத் தெரிந்தால் துத்தநாகப் பாஸ்பேட்டையும், ஏறக்குறையக் கறுப்பாகத் தெரிந்தால் மாங்கனீசுப் பாஸ்பேட்டையும் கருதலாம். சூடாக உருட்டப்பட்ட இரும்புத் தகட்டின் நீலச்சாம்பல் படலம் புதியவர்களை மிகவும் ஏமாற்றும். அது பெயின்ட் அல்ல, வெறும் இரும்பின் இயல்பான தோல். கீழ்முனையில் உறைந்த துளியும் கொக்கி மாட்டிய தடமும் இருந்தால், அந்தப் பாகம் பெயின்ட்டில் முக்கி எடுக்கப்பட்டது.

மஞ்சளும் பச்சையுமாக வானவில்போல மினுங்குவது குரோமேட் என்ற வேதிப்படலம் ஏற்றிய முலாம். அதன் கீழ் இருப்பது துத்தநாகமா காட்மியமா என்பதைக் கண்ணால் மட்டும் பிரிப்பது கடினம். காட்மியத்தின் தூளும் புகையும் நஞ்சு என்பதால், ஐயமுள்ள பாகத்தை உப்புத்தாளால் தேய்க்கவோ சூடாக்கவோ வேண்டாம்.

படி 5: பதிவு

பாகத்தின் பெயர், இருந்த இடம், பூச்சு கிடைத்த பரப்பு, உங்கள் முடிவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இடது, வலது இணைகளைத் தனித்தனியே ஆராயுங்கள். இரண்டும் வேறுபட்டால் ஒன்று பின்னர் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், அதே ஆலையில் உங்கள் கார் உருவான காலத்தை ஒட்டிய மாதங்களில் உருவான, இதுவரை எவரும் கைவைக்காத காரோடு ஒப்பிட்ட பிறகே பெயின்ட் டப்பாவைத் திறங்கள்.