அகேவ் வாங்கப் போகிறீர்களா, முதலில் அளவு நாடாவை எடுங்கள்

உள்ளங்கை அளவுத் தொட்டியில் நீலச்சாம்பல் நிறத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும் அகேவைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. வாசல் படிக்குப் பக்கத்தில் ஒன்றை நட்டேன். அது அகேவ் அமெரிக்கானா, நம் ஊர்ப் பேச்சில் ஆனைக்கற்றாழை. சில வருடங்களில் போகிறவர் வருகிறவர் கால்களையெல்லாம் கிழிக்க ஆரம்பித்து, கடைசியில் கடப்பாரையும் ரம்பமுமாக ஒரு முழு நாள் போராடித்தான் அதை வெளியே எடுத்தேன். அந்த வகை 6 அடி உயரம், 10 அடி அகலம் வரை போகும் என்பதை வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

அதனால் செடியின் இன்றைய அழகைப் பார்க்காதீர்கள், பத்து வருடம் கழித்து எவ்வளவு இடம் கேட்கும் என்று பாருங்கள். பெரிய வெட்டவெளி இருந்தால் ஆனைக்கற்றாழை தாராளமாக வைக்கலாம், மஞ்சள் கரை போட்ட ரகமும் உண்டு. குழந்தைகள் ஓடியாடும் இடம் என்றால் அட்டெனுவேட்டா என்ற அகேவ் வகைதான் என் தேர்வு: ஓரமுள்ளும் கிடையாது, நுனிமுள்ளும் கிடையாது, அரை நிழலிலும் வளரும், ஆனால் உறைபனி மட்டும் ஆகாது. கடுங்குளிர் அடிக்கும் இடத்துக்கு பாரியை என்ற வகை, முட்டைக்கோசு போல மடல்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். தொட்டிக்கு விக்டோரியா ரெஜினே. ஒன்று ஒன்றரை அடியோடு நின்றுவிடும், கரும்பச்சை மடலில் சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல வெள்ளைக் கோடுகள். ஆமை வேகத்தில்தான் வளரும், பொறுமை இல்லாதவர்கள் வாங்க வேண்டாம்.

மண் விஷயத்தில்தான் பெரும்பாலான செடிகள் போய்ச் சேருகின்றன. ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், சில மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் அங்கே நடாதீர்கள், அல்லது மண்ணையும் சரளையையும் கொட்டி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். தொட்டி என்றால் பாதிக்குப் பாதி பருமணலோ சிறு சரளையோ கலக்க வேண்டும். மாவு போன்ற நைஸ் மணல் உதவாது, அது தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடித்தண்டு மண்ணுக்குள் புதையாமல் கொஞ்சம் மேலேயே இருக்கட்டும்.

அகேவ் தன் இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கும், அதனால் பகல் வெயிலில் ஈரம் அதிகம் வீணாகாது. புதிதாக நட்ட முதல் சில வாரம் வாரத்துக்கு ஒரு முறை ஊற்றினால் போதும், வேர் பிடித்த பிறகு நல்ல வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, குளிரிலும் மழையிலும் ஒன்றுமே வேண்டாம். மடல் மெலிந்து உட்குழிந்தால் தாகம். அடிமடல் மஞ்சளாகிக் கொழகொழத்தால் தண்ணீர் அதிகம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு இன்னும் ஊற்றிக் கொன்றவர்கள் நிறைய.

வெயில் நிறைய வேண்டும், ஆனால் நிழலில் வளர்ந்ததைத் திடீரென உச்சிவெயிலில் வைத்தால் மடல் வெளுத்துத் தழும்பாகிவிடும், அந்தத் தழும்பு மறையாது. இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். உரம் பற்றிக் கவலையே வேண்டாம்.

குருத்திலிருந்து புதிதாகப் பிரிந்த ஒரு மடலை உற்றுப் பாருங்கள், பக்கத்து மடலின் முள்வரிசை பல் பதிந்தது போல அதன்மேல் அப்படியே அச்சாகியிருக்கும். இதற்காகவே நான் இந்தச் செடியை வளர்க்கிறேன்.

வெட்டும்போது கவனம். சோற்றுக்கற்றாழை போலத்தானே இருக்கிறது என்று சாற்றைத் தோலில் தேய்த்துவிடாதீர்கள், அகேவ் சாற்றில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது, பட்ட இடம் எரிந்து தடித்துவிடும். முழுக்கை சட்டை, தடித்த கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். நடமாடும் இடத்தில் இருந்தால் நுனிமுள்ளின் கூர்முனையை மட்டும் நகவெட்டியால் நறுக்கிவிடலாம்.

அடியில் முளைக்கும் பக்கக்கன்றை வேரோடு வெட்டியெடுத்து, காயம் ஆறும்வரை சில நாள் நிழலில் காயவிட்டு அப்புறம் நடுங்கள். நடுக்குருத்து திடீரெனச் சாய்ந்து நாற்றம் அடித்தால் கூன்வண்டுப் புழு உள்ளே புகுந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்தச் செடி பிழைப்பது அரிது, புழுவோடு சேர்த்து அப்புறப்படுத்திவிட்டு அதே இடத்தில் மறுபடி அகேவ் வைக்காமல் இருங்கள்.

பெரும்பாலான வகைகள் பூப்பது ஒரே ஒரு முறைதான், அதோடு அந்தச் செடியின் ஆயுள் முடிந்தது. நூறு வருடம் கழித்துப் பூக்கும் என்பது கதை, ஆனைக்கற்றாழை பெரும்பாலும் 10 முதல் 30 வருடத்துக்குள் பூத்துவிடும். பூத்தண்டு 20 அடிக்கு மேல் எழும்பும், மேலே மின்கம்பி போகிற இடத்தில் நட வேண்டாம். தண்டை வெட்டினாலும் தாய்ச்செடி பொதுவாகப் பிழைக்காது. பூத்து முடிந்ததும் பச்சையாக இருக்கும்போதே தோண்டிச் சிரமப்படாதீர்கள், சில மாதம் காயவிட்டால் அந்த யானை கனம் பாதியாகி, மடல்களை ஒவ்வொன்றாக அறுத்தெடுக்க முடியும், அதற்குள் சுற்றிலும் கன்றுகள் நிற்கும்.