மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு உங்கள் வலைப்பக்கத்தைத் திறந்து பாருங்கள்

வலைப்பக்கங்களை எழுதப் பயன்படும் எச்டிஎம்எல் மொழியைக் கற்றுக்கொள்ளத் தொடங்கும் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும்: எப்படி எழுதினாலும் பிரவுசரில் பக்கம் தெரிந்துவிடுகிறதே, அப்புறம் எதற்கு இத்தனை விதிகள்? உண்மைதான். ஒரு டேகை, அதாவது < > குறிகளுக்குள் எழுதும் கட்டளையை, மூட மறந்தால் பிரவுசர் அதுவாகவே ஊகித்து மூடிக்கொள்ளும், திரையில் பிழைச்செய்தி எதுவும் வராது. ஆனால் திரையில் இருப்பதைப் பார்வையற்றவருக்குக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடரும், தேடுபொறியும், ஆறு மாதம் கழித்து அதே ஃபைலைத் திருத்த உட்காரும் நீங்களும் படிக்கப்போவது, பின்னால் இருக்கும் அந்தக் 'கோடு' (code) வரிகளைத்தான். ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதையே சரிசெய்வோம்.

படி 1: ஃபைலின் தலைமாடு

முதல் வரியில் டாக்டைப், அதாவது <!DOCTYPE html> என்ற அறிவிப்பு, இருக்கிறதா? இல்லையென்றால் பிரவுசர் குவர்க்ஸ் மோடுக்குப் போய்விடும். அதாவது 1990களின் பக்கங்களுக்காக வைத்திருக்கும் பழைய முறையில் காட்டும். பாடியில் (பக்கத்தின் உள்ளடக்கம் வரும் body பகுதி) கொடுத்த எழுத்தளவு டேபிளுக்குள் மட்டும் ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள், காரணம் அந்த ஒரு வரியாக இருக்கும். அடுத்து, ஃபைலின் எழுத்துகள் எந்த முறையில் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லும் யுடிஎஃப்-8 அறிவிப்பு. அது ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும், அதனால் ஹெட் (பக்கத்தைப் பற்றிய தகவல்கள் வரும் head பகுதி) தொடங்கியதுமே போட்டுவிடுங்கள். இது இல்லாமல் தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகக் கொட்டுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பக்கம் தமிழில் என்றால் எச்டிஎம்எல் டேகின் லேங் (lang) பண்பில் தமிழுக்கான குறியீட்டைக் (ta) கொடுங்கள், ஸ்கிரீன் ரீடர் எந்த மொழிக் குரலில் வாசிப்பது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. மொபைல் திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கம் தெரிய வியூபோர்ட் (viewport) மெட்டா டேகும் வேண்டும்.

படி 2: டேப் கீ சோதனை

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். மவுஸைத் தொடாமல் டேப் கீயை மட்டும் அழுத்திக்கொண்டே பக்கம் முழுக்கப் போய்ப் பாருங்கள். 'அனுப்பு' பட்டனில் நிற்காமல் தாண்டிப் போகிறதா? அப்படியென்றால் அதை டிவ் (div) என்ற பொதுவான பெட்டி டேகில் எழுதி, கலர் கொடுத்து, கிளிக் செய்தால் இயங்கும் ஆன்கிளிக் (onclick) சேர்த்திருப்பீர்கள். கண்ணுக்கு அது பட்டன்தான், ஆனால் கீபோர்டுக்கும் ஸ்கிரீன் ரீடருக்கும் அது வெறும் ஒரு பெட்டி. கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாத ஒருவர் உங்கள் படிவம் முழுவதையும் நிரப்பிவிட்டு, கடைசியில் அனுப்ப வழியில்லாமல் நிற்பார். டிவ்வை வைத்துக்கொண்டே இதைச் சரிசெய்யப் போனால் டேப் கீ அங்கே நிற்க டேப்இண்டெக்ஸ் (tabindex), அது பட்டன் என்று சொல்ல ரோல் (role), என்டர் கீக்கு ஒரு ஸ்கிரிப்ட், ஸ்பேஸ் கீக்கு இன்னொன்று என்று வேலை நீண்டுகொண்டே போகும். டிவ் என்ற சொல்லை அழித்துவிட்டு பட்டன் (button) என்று எழுதினால் இத்தனையும் தானாக வந்துவிடுகிறது. நல்ல கோடு என்றால் கூடுதல் வேலை என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

டேப் அழுத்தும்போது எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லையா? பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் யாரோ அவுட்லைனை (நிற்கும் இடத்தைச் சுற்றி வரும் கோடு) none, அதாவது 'வேண்டாம்', என்று வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிடுங்கள்.

படி 3: படங்கள்

ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் (alt), அதாவது படத்தைச் சொல்லும் மாற்று எழுத்து, வேண்டும். அலங்காரத்துக்கு வைத்த படம் என்றால் ஆல்ட்டைக் காலியாக விடுங்கள், ஸ்கிரீன் ரீடர் தாண்டிப் போய்விடும். ஆல்ட் என்பதையே எழுதாமல் விட்டால் சில ஸ்கிரீன் ரீடர்கள் ஃபைல் பெயரை எண்ணும் எழுத்துமாக வாசித்துத் தொலைக்கும். அகலம், உயரம் இரண்டையும் எழுதுங்கள். படம் வந்து சேரும் முன்பே பிரவுசர் அதற்கு இடம் ஒதுக்கிவிடும், படித்துக்கொண்டிருந்த வரி திடீரென்று கீழே குதிக்காது.

படி 4: தலைப்புகளும் லேபிளும்

எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எச்1 (h1, முதல்நிலைத் தலைப்பு டேக்) போடாதீர்கள், அளவு சிஎஸ்எஸ்ஸின் வேலை. எச்1, அதற்குள் எச்2, அதற்குள் எச்3 என்று பொருளடக்கம் போல வர வேண்டும். படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லும் லேபிள் (label) கொடுங்கள். கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டர் அதற்கு ஈடாகாது, தட்டச்சு செய்யத் தொடங்கியதுமே மறைந்துவிடும்.

படி 5: வேலிடேட்டர்

வேலிடேட்டர் என்பது கோடில் உள்ள பிழைகளைக் காட்டும் கருவி. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1994இல் தொடங்கிய, வலைக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யு3சி (W3C) அமைப்பின் வேலிடேட்டர் இலவசம். உங்கள் பக்கத்தின் 'கோடு' வரிகளை அதில் ஒட்டிச் சோதித்தால் முதல்முறை நாற்பது பிழை வந்தாலும் பயப்படாதீர்கள். மூடாத ஒரே டேகால் கீழே வரிசையாகப் பல பிழைகள் வரும். அதனால் மேலே இருக்கும் முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி சோதியுங்கள், பட்டியல் எவ்வளவு சுருங்கியது என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.