மக்ஸில் குரல் சேனல் அமைப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

இரண்டு இடங்களிலும் ஒவ்வொரு மக்ஸ் (பல குரல் சேனல்களை ஒரே இணைப்பில் சேர்த்து அனுப்பும் மல்டிபிளெக்ஸர் பெட்டி), நடுவில் ஒரு இ1 இணைப்பு (பல அழைப்புகளை ஒன்றாகக் கொண்டுபோகும் டிஜிட்டல் லைன்). ஒரு முனையில் எக்ஸ்சேஞ்ச், மறுமுனையில் சாதாரண போன்கள். இந்த அமைப்பைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மெனுக்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேலையின் வரிசை பெரும்பாலும் இதுதான். புதியவர்கள் பலர் எடுத்தவுடன் சேனல் பக்கத்தைத் திறந்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். இ1 சரியாக இல்லாமல் குரலைத் தேடிப் பயனில்லை.

படி 1: இ1 இணைப்பு

இரு முனையிலும் லைன் கோடிங் (பிட்களை மின்துடிப்பாக அனுப்பும் முறை) எச்டிபி3, ஃபிரேமிங்கில் (பிட்களை ஃபிரேம் என்ற தொகுப்புகளாக அடுக்கும் முறை) சிஆர்சி-4 என்ற பிழைச் சோதனை இருக்கிறதா இல்லையா, இவை ஒன்றாக இருக்கட்டும். கேபிள் 75 ஓம் கோஆக்ஸா, 120 ஓம் ஜோடிக் கம்பியா என்றும் பார்த்துவிடுங்கள். எல்ஓஎஸ் (சிக்னலே வரவில்லை), ஏஐஎஸ் (அப்பால் கோளாறு என்ற அறிவிப்பு) போன்ற அலாரங்கள் அணைந்த பிறகே அடுத்த படி.

படி 2: க்ளாக்

பிட்கள் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று காட்டுவது க்ளாக். ஒரு முனை மாஸ்டர். மற்றது லைனிலிருந்து க்ளாக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் நம்பகமான க்ளாக் கிடைத்தால் அந்த மக்ஸையே மாஸ்டராக்குங்கள். இரண்டும் சொந்த க்ளாக்கில் ஓடினாலும் அலாரம் வராமலே இருக்கலாம், பேச்சும் கேட்கும். சிக்கலே அங்கேதான். இரு க்ளாக்குக்கும் இடையே 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வித்தியாசம் இருந்தால், சுமார் 2.5 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் தொலையும் அல்லது இரண்டு முறை வரும். பேசுபவருக்கு அது சின்ன ‘டிக்’ சத்தம். ஃபேக்ஸோ, மோடமோ தாங்காது.

படி 3: டைம்ஸ்லாட் ஒதுக்குவது

இ1-இல் 0 முதல் 31 வரை 32 டைம்ஸ்லாட்கள் (ஒவ்வொரு ஃபிரேமிலும் உள்ள நேரப் பங்குகள்), ஒவ்வொன்றும் 64 கேபிபிஎஸ். 0 ஃபிரேமிங்குக்கு. சிஏஎஸ் முறையில் (ஒவ்வொரு சேனலின் மணி, எடுத்தல், வைத்தல் செய்திகளையும் தனித்தனி பிட்களாக அனுப்பும் முறை) 16 அந்தச் செய்திகளுக்கு, அதாவது சிக்னலிங்குக்கு. மீதி 30 குரலுக்கு. அதாவது சேனல் 1 முதல் 15 வரை அதே எண்ணுள்ள டைம்ஸ்லாட்டில் போகும். சேனல் 16, டைம்ஸ்லாட் 17-இல் போகும். அங்கிருந்து கடைசி வரை ஓர் எண் தள்ளியே வரும், சேனல் 30 டைம்ஸ்லாட் 31-இல் முடியும்.

ஒரு முனையில் சேனல் எண்ணும் மறுமுனையில் டைம்ஸ்லாட் எண்ணும் கேட்கும் பெட்டிகளை இணைக்கும்போது, முதல் 15 சேனல்கள் அருமையாக வேலை செய்யும். அதற்கு மேல் எல்லாம் பக்கத்து வீட்டு மணியை அடிக்கும். அந்த அறிகுறியைப் பார்த்தால் கார்டைக் கழற்றாதீர்கள், எண்ணைப் பாருங்கள். தாளில் மூன்று பத்தியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது: போர்ட், சேனல், டைம்ஸ்லாட்.

படி 4: கார்டும் சிக்னலிங்கும்

போன் இருக்கும் முனையில் எஃப்எக்ஸ்எஸ் கார்டு: அதுதான் போனுக்கு மின்சாரமும் மணியும் தரும். எக்ஸ்சேஞ்ச் முனையில் எஃப்எக்ஸ்ஓ கார்டு: அது எக்ஸ்சேஞ்சின் மணியைக் கண்டறிந்து அனுப்பும். எக்ஸ்சேஞ்ச் லைனை எஃப்எக்ஸ்எஸ் போர்ட்டில் செருகக் கூடாது. இரண்டுமே மின்சாரம் தருபவை, கார்டு போகலாம். சிஏஎஸ் பிட் அமைப்பு இரு முனையிலும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் பேச்சுப் பாதை நன்றாக இருந்தும் மணி அடிக்காது.

படி 5: கோடிங்கும் ஒலி அளவும்

குரலை எண்ணாக மாற்றும் முறைகளான ஏ-லா, மியூ-லா இரண்டில் ஒன்றை இரு பக்கமும் தேர்ந்தெடுங்கள். இ1-இல் வழக்கமாக ஏ-லாதான். மாறிப்போனால் குரல் கரகரவென்று சிதைந்து கேட்கும்.

அப்புறம் லெவல். ஒரு முனையில் 1020 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து மறுமுனையில் அளவிடுங்கள். நேராக 1000 வைக்காததற்குக் காரணம் உண்டு: நொடிக்கு 8000 சாம்பிள் எடுக்கும் அமைப்பில் 1000 சரியாக வகுபடும், அதனால் ஒரே சில மதிப்புகள்தான் திரும்பத் திரும்ப வந்து அளவு ஏமாற்றும். குரல் மெலிதாக இருக்கிறது என்று கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். இரண்டு கம்பி லைனில் ஓர் எல்லையைத் தாண்டினால் எதிரொலி வரும், கடைசியில் லைனே ஊளையிடும். இம்பீடன்ஸ் (லைனின் மின்மறுப்பு) அமைப்பைச் சரிபார்த்த பிறகே கெயினைத் தொடுங்கள்.

படி 6: சோதனை

முதலில் ஒரே ஒரு சேனல். இரு பக்கமும் அழைத்துப் பாருங்கள்: மணி, எடுத்தல், டயல், வைத்தல். வைத்த பின் லைன் விடுபடுகிறதா என்பதைப் பலர் பார்ப்பதில்லை. குரல் வரவில்லை என்றால் மறுமுனை மக்ஸில் அந்த டைம்ஸ்லாட்டுக்கு லூப்பேக் (வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும் அமைப்பு) போட்டுப் பேசுங்கள். உங்கள் குரல் திரும்பி வந்தால் நடுவழி நலம். கோளாறு மறுமுனை கார்டிலோ அதற்கு அப்பாலோ. இந்த ஒரு சேனல் சரி என்றால் மற்ற சேனல்களுக்கும் அதே அமைப்பைப் போடுங்கள். லூப்பேக்கை எடுத்துவிட்டு, மறக்காமல் சேமியுங்கள். பல பெட்டிகளில் தனியாகச் சேமிக்காவிட்டால் அடுத்த மின்வெட்டில் எல்லாம் போய்விடும்.