அந்தச் சின்னத் திருகைத் தொடாதீர்கள்: வீட்டில் சீடி பிளேயர் திருத்தும்போது தவிர்க்க வேண்டியவை

போன மாதம் ஒரே கிழமையில் இரண்டு பேர் செட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். ஒருவர் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி. மற்றவர் தலவாக்கலையில் இருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார். இரண்டு செட்டுக்கும் வொறன்டி முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. இரண்டையும் வீட்டிலேயே திறந்து பார்த்திருக்கிறார்கள், இரண்டிலும் ஒரே இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு முன் நான் கை வைத்து எங்கள் வீட்டு செட்டைக் கெடுத்த அதே இடம். இரண்டாமவர் வந்துபோன அன்று இரவு படுத்தும் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் திறக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வொறன்டி போன பழைய செட்டை டவுனுக்குக் கொண்டுபோனால், "இதுக்கு சாமான் இல்ல, புதுசு வாங்குங்க" என்ற பதில்தான் பாதி இடங்களில் கிடைக்கிறது. திறந்து பாருங்கள், பழகுங்கள். பிளக்கைக் கழற்றுவது, திருகாணிகளை ஒரு தட்டில் ஒழுங்காக வைப்பது, திறக்கும்போதே போனில் படம் எடுத்து வைப்பது இதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

குளிரைக் கோளாறு என்று நினைப்பது

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே துவைத்த சட்டை இரண்டு நாளானாலும் காயாது. அப்படியான இடத்தில் லென்ஸில் மட்டும் ஈரம் படியாமல் இருக்குமா? இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த செட்டை, காலையில் அடுப்பு எரிந்து கேத்தல் கொதிக்கும் அறைக்குள் கொண்டுவந்தால், மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவதுபோல லென்ஸிலும் படியும். செட் "டிஸ்க் இல்லை" என்று காட்டும். உடனே மூடியைக் கழற்றிவிடுகிறார்கள்.

சீடியை வெளியே எடுத்துவிட்டு, செட்டை அந்த அறையிலேயே இரண்டு மணித்தியாலம் சும்மா விடுங்கள். அதற்குப் பிறகும் வாசிக்காவிட்டால் திறக்கலாம். ஈரம் காயட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஈரம் போய்விடும், அதன் இடத்தில் கரி வந்து உட்காரும்.

கல்யாண வீட்டு சீடியைப் போட்டுச் சோதிப்பது

கடையில் வாங்கிய அச்சடித்த சீடி வேறு, கம்ப்யூட்டரில் எழுதிய சீடி வேறு. எழுதிய சீடி ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். அழித்து அழித்து எழுதும் வகை இன்னும் மோசம், பழைய பிளேயர்கள் பல அதை வாசிப்பதே இல்லை. தேர்த் திருவிழாவில் பதிவுசெய்த சீடியையோ கல்யாண வீட்டு சீடியையோ போட்டுப் பார்த்துவிட்டு "லென்ஸ் போச்சு" என்று முடிவுகட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கீறல் இல்லாத, கடையில் வாங்கிய சீடி ஒன்றைச் சோதனைக்கென்றே தனியாக எடுத்து வையுங்கள்.

எழுதிய சீடி மட்டும் பாடவில்லை என்றால் அது பெரும்பாலும் அழுக்கு லென்ஸ். எல்லாச் சீடியிலும் கடைசிப் பாட்டுகள் மட்டும் தாவினால், லென்ஸ் நகரும் தண்டவாளத்தையும் பல்சக்கரத்தையும் பாருங்கள். சீடி நடுவில் இருந்து வெளியே நோக்கித்தான் வாசிக்கப்படுகிறது. நடுவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்று சுற்றி, ஓரத்துக்குப் போகும்போது 200 சுற்றாகக் குறையும். அதனால் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று கவனித்தாலே கோளாறு எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும். எத்தனை பாட்டு என்று திரையில் காட்டினால் லேசர் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டிருந்தால் நான் அடுத்த தவறைச் செய்திருக்க மாட்டேன்.

பிக்அப்பில் உள்ள திருகைத் திருப்புவது

லென்ஸ் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குத்தான் பிக்அப் என்று பெயர். நம் பக்கத்தில் மொத்தத்தையும் "லென்ஸ்" என்றே சொல்வோம். அதன் பக்கவாட்டிலோ அடியிலோ மிளகு அளவில் ஒரு திருகு இருக்கும். அது பகுதிகளைப் பிடித்து வைக்கும் திருகு அல்ல, லேசரின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்தடை. தொழிற்சாலையில் கருவி வைத்து அளந்து, அந்த ஒரு பிக்அப்புக்கு மட்டும் பொருந்தும்படி நிறுத்தி அனுப்புகிறார்கள்.

எங்கள் அக்கா குவைத்தில் இரண்டு வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டு வரும்போது சீடியும் கேசட்டும் ரேடியோவும் சேர்ந்த செட் ஒன்று கொண்டுவந்தார். லயத்தில் எங்கள் காம்பராவில்தான் முதல் சீடி செட். ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்தோப்பில் வைத்துப் போடுவோம், பக்கத்து வீடுகளில் இருந்தெல்லாம் வந்து உட்காருவார்கள். மூன்றாம் வருஷம் பாட்டு தாவ ஆரம்பித்தது. டவுனில் ரேடியோ திருத்தும் ஒருவர், "லேசர் வீக் ஆயிடுச்சு. சைட்ல ஒரு திருகு இருக்கு பாரு, கால் சுத்து கூட்டு" என்று சொல்லித் தந்தார். கூட்டினேன். பாடியது. புது செட் மாதிரிப் பாடியது. அப்பா என் தோளைத் தட்டிக் கொடுத்தார். பத்தொன்பதாம் நாள் மாலை ஒரு பாட்டின் நடுவில் நின்றது. அதற்குப் பிறகு அந்த செட்டில் ஒரு சீடியும் பாடவில்லை.

இந்தத் தவறு இன்னும் என்னை எரிச்சல்படுத்துவதற்குக் காரணம் அதுதான். திருப்பியதும் வேலை செய்யும். வேலை செய்வதைக் கண்டவர் பத்துப் பேரிடம் சொல்வார், இன்றைக்கு வீடியோவே போடுவார். பத்தொன்பதாம் நாள் செத்துப்போனதைச் சொல்ல யாரும் திரும்பி வருவதில்லை. "வீடியோவில காட்டினாங்க அண்ணே, கால் சுத்து திருப்பினா போதும்னு" என்று டிக்கோயாத் தம்பி சொன்னபோது, இருபது வருஷத்துக்கு முன் கேட்ட அதே வார்த்தை காதில் விழுந்தது.

உள்ளே நடப்பது இதுதான். லேசர் ஒளியைத் தரும் சின்னப் பாகத்துக்கு லேசர் டயோட் என்று பெயர். அதற்குப் பக்கத்திலேயே அதன் வெளிச்சத்தைக் கவனிக்கும் இன்னொரு சின்ன டயோட் இருக்கிறது. வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் அது சொல்லிவிடும், மின்சுற்று தானாகவே கரண்டைக் கூட்டி வெளிச்சத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும். லேசர் வயதாக ஆக, அதே வெளிச்சத்தைத் தர அதற்குக் கூடுதல் கரண்ட் வேண்டும், மின்சுற்று அதையும் கொடுத்துக்கொண்டே வருகிறது. அதாவது, "வீக்" ஆனதை ஈடுகட்டும் வேலை நீங்கள் மூடியைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அதன் மேல் நீங்கள் திருகைத் திருப்பினால், ஏற்கெனவே மூச்சுவாங்கும் மாட்டின் மேல் இன்னொரு மூட்டை ஏற்றுவதுதான். டயோடின் முகப்பு வெந்துபோகும். அப்புறமும் அது மங்கலாகச் சிவப்பு மினுக்கலாம், அதைப் பார்த்து "லேசர் எரியுதே" என்று ஏமாறுவோம். ஆனால் அது இனி லேசர் அல்ல, வெறும் மினுக்கு விளக்கு. 1.6 மைக்ரோன் (மைக்ரோன் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் ஓடும் தடங்களை அதனால் வாசிக்க முடியாது.

எங்கள் செட்டைப் பிறகு முழுதாகக் கழற்றிப் பார்த்தேன். லென்ஸுக்குக் கீழே சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். அதில் அடுப்புப் புகை மூன்று வருஷமாகப் படிந்து மங்கிக் கிடந்தது. லேசருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அந்தக் கண்ணாடியைச் சுத்தம் செய்திருந்தால் அக்காவின் செட் இன்னும் பல வருஷம் பாடியிருக்கும்.

லேசர் பலவீனமா இல்லையா என்பதைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அளந்து பார்க்கலாம். சில பிக்அப்புகளில், குறிப்பாக சோனி வகையில், ஒட்டியிருக்கும் லேபிளில் கடைசி மூன்று இலக்கம் அந்த லேசருக்கு உரிய கரண்ட்டைச் சொல்லும். 452 என்றால் 45.2 மில்லி அம்பியர். லேசருக்குப் போகும் கரண்ட் ஓடும் மின்தடை எது என்று அந்த மொடலின் சேவிஸ் மனுவலில் இருக்கும். அது 22 ஓம் ஆக இருந்து, அதன் இரு பக்கமும் மல்டிமீட்டர் வைத்தால் 1 வோல்ற் காட்டினால், ஓடுவது ஏறக்குறைய 45 மில்லி அம்பியர். லேபிளில் உள்ளதற்கு அருகில் இருந்தால் லேசர் நலமாக இருக்கிறது, கோளாறை வேறிடத்தில் தேடுங்கள். லேபிளில் உள்ளதைவிட வெகுவாகக் கூடியிருந்தால் அது முடியப்போகும் லேசர். அதைத் திருகால் காப்பாற்ற முடியாது, பிக்அப்பை மாற்றத்தான் வேண்டும்.

வாத்தியார் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். திருப்புவதற்கு முன் திருகு நின்ற இடத்தை மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். "பழக்கம் தம்பி, கணக்கை அழிக்க முதல் ஒரு தரம் எழுதி வச்சிடுவேன்" என்றார். பாடாததால் பயந்து மறுநாளே என்னிடம் கொண்டுவந்தார். திருகைக் கோட்டுக்குக் கொண்டுபோய், லென்ஸையும் கீழே உள்ள கண்ணாடியையும் துடைத்தேன், பாடியது. தம்பியின் செட்டில் கோடும் இல்லை, லேசரும் இல்லை.

கண்டதைக் கொண்டு துடைப்பது

லென்ஸ் பிளாஸ்டிக். தின்னரோ நெயில் பொலிஷ் ரிமூவரோ பட்டால் வெளுத்துப் போகும், திரும்பத் தெளியாது. வாயால் ஊதினால் எச்சில் போகும். மருந்துக்கடையில் விற்கும் சின்ன ரப்பர் பம்பால் முதலில் தூசை ஊதுங்கள். பிறகு பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோப்பைல் அல்கஹோல் ஒரு சொட்டு. குச்சி நனைந்தால் போதும், சொட்டக் கூடாது. லென்ஸ் மயிர் போன்ற கம்பிகளில் தொங்குகிறது, அதனால் குழந்தையின் கண்ணைத் துடைக்கும் கை வேண்டும்.

தண்டவாளத்துக்குத் தேங்காய் எண்ணெய்

வேண்டாம். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். பழைய கிரீஸை முழுதாகத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு உகந்த வெள்ளை கிரீஸ் ஊசிமுனை அளவு.

புது லென்ஸை வாங்கி அப்படியே மாட்டுவது

தம்பிக்குப் புது பிக்அப் வாங்கச் சொன்னேன். யாரோ கொழும்புக்குப் போகும்போது சொல்லிவிட்டு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இருந்து எடுப்பித்தார். ஆசையோடு தானே மாட்டிவிட்டு, "டுப்ளிகேட் சாமான் தந்துட்டாங்க அண்ணே, லைட்டே வரல" என்று போன் செய்தார்.

சாமான் சரியானதுதான். லேசர் டயோட் நிலைமின்னுக்குச் சாகும். நம் உடம்பில் தேங்கி, தொட்டதும் சுள்ளென்று பாயும் அந்தச் சின்ன மின்சாரமே போதும். அதனால் பல புது பிக்அப்புகளில் இரண்டு புள்ளிகளை ஒரு துளி ஈயத்தால் சேர்த்து அனுப்புவார்கள். அந்தத் துளி இருக்கும்வரை லேசர் எரியாது, சாகவும் சாகாது. தம்பி அதை எடுக்காமலே மாட்டியிருந்தார். ரிப்பன் கேபிளை முதலில் மாட்ட வேண்டும், அதன் பிறகு துளியை எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். முதலிலேயே துளியை எடுத்துவிட்டுக் கையில் பிடித்து ஆராய்ந்தால் காவல் போய்விடும். நம் ஊரில் கம்பளிச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டே வேலைக்கு உட்காருவோம். இந்த ஒரு வேலைக்கு அதைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

ரிப்பன் கேபிளை இழுப்பது

சொக்கட்டில் பூட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் திறந்துவிட்டு எடுங்கள். கிழிந்த ரிப்பனை ஒட்ட முடியாது.

லேசரைக் குனிந்து பார்ப்பது

சீடி லேசர் 780 நனோமீற்றர் அகச்சிவப்பு. கண்ணுக்கு அனேகமாகத் தெரியாது, தெரியாததால் கண் தானாக மூடாது. லென்ஸுக்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். எரிகிறதா என்று பார்க்க, போன் கமராவைப் பக்கவாட்டில் பிடித்தால் பல போன்களில் ஊதாப் புள்ளியாகத் தெரியும்.

பிளக்கைக் கழற்றியாயிற்றே என்று பவர் போர்டைத் தொடுவது

மெல்லிய டீவீடி பிளேயர்களில் டிரான்ஸ்போமருக்குப் பதில் சுவிச்சிங் சப்ளை இருக்கும். நம் 230 வோல்ற் அங்கே நேர்மின்னாக மாறி, பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ற் அளவில் நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் சில நேரம் அங்கேயே இருக்கும். ஸ்குரூ டிரைவரால் கப்பாசிட்டரின் இரண்டு காலையும் சேர்த்துத் தொட்டுப் பொறி பறக்கவிடும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. கப்பாசிட்டரும் கெடும், கையும் வேகும். மீட்டரை வைத்துப் பாருங்கள். வோல்ற் இறங்கவில்லை என்றால் சில ஆயிரம் ஓம் அளவுள்ள, கொஞ்சம் பெரிய உடம்புள்ள மின்தடையை இடுக்கியால் பிடித்து வைத்து மெதுவாக இறக்குங்கள். இதற்குப் பழக்கமில்லை என்றால் அந்தப் போர்டை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள், மற்றதை நீங்களே செய்யலாம்.

இடி

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மத்தியானம் தாண்டி வானம் கறுத்தால், பிளக்கோடு சேர்த்து வெளி அன்டனா வயரையும் கழற்றி விடுங்கள்.